பெட்டி தொலையலை, தங்கச்சி!

யூசர் டிஸ்க்குகளை இடம் மாற்றிய மறுநாள் கைகொடுக்கும் டிப்ஸ்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு உன் போன் வந்தது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடக்கும்போதே ஆபீஸிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாய். "சனிக்கிழமை ராத்திரி எல்லார் டிஸ்க்கையும் புது ஸ்டோரேஜுக்கு மாத்தினேன்க்கா. இப்ப ஆறு பேருக்கு டெஸ்க்டாப் வெறுமையா வருது. அக்கவுண்ட்ஸ் மேடம் அழறாங்க" என்று சொல்லும்போது உன் குரலும் கம்மியிருந்தது. அன்றைக்கு ரயிலில் நின்றபடி பாதி சொன்னேன், மீதியைச் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால் இப்போது முழுசாக எழுதுகிறேன். உன்னைப் போல முதல் வேலையில் சர்வரோடு தனியாக நிற்கிற எல்லாத் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இது உதவட்டும்.

நாம் முத்தாபுதுப்பேட்டையில் வளர்ந்தவர்கள். விமானப்படைக் குடும்பங்கள் மாற்றலாகிப் போவதையும் வருவதையும் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். கருப்பு டிரங்குப் பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட்டில் பெயரும் எண்ணும். புது ஊரில் ஒரு பெட்டி கண்ணில் படாவிட்டால் வீட்டுக்காரம்மா உடனே புதுச் சாமான் வாங்கக் கிளம்பமாட்டார். லாரி எந்த வாசலில் இறக்கியது, எண் சரியா, சாவி யாரிடம், இன்னும் பழைய வீட்டுத் திண்ணையிலேயே நிற்கிறதா என்று வரிசையாகக் கேட்பார். நீ கற்றுக்கொள்ள வேண்டியதும் அந்த வரிசைதான். டிஸ்க்கை இடம் மாற்றிய பிறகு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவற்றில் உள்ளே இருக்கும் சாமானுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முகவரி, அனுமதி, பூட்டு, எண் இந்த நான்கில் ஒன்று தவறியிருக்கும். பெட்டியைத் தொலைப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு நாம் பதற்றத்தில் செய்யும் வேலைதான்.

முதலில், நீ மாற்றியது என்ன?

உங்கள் ஆபீஸில் எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பொதுவான சர்வர்களில் வேலை செய்கிறார்கள். டேலி, எக்செல், அவுட்லுக் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு தொழிற்கூடங்களிலும் ஆவடியின் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் இந்த ஏற்பாட்டை நீ நிறையப் பார்ப்பாய். ஒவ்வொருவரின் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், அவுட்லுக் அமைப்பு, பிரவுசர் புக்மார்க் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கோப்பாக ஸ்டோரேஜில் இருக்கும். அதுதான் யூசர் ப்ரொஃபைல் டிஸ்க். மைக்ரோசாஃப்ட் இதை விண்டோஸ் சர்வர் 2012-இல் கொண்டுவந்தது. கோப்பின் வகை விஹெச்டிஎக்ஸ். பெயர் 'யூவிஹெச்டி' என்று தொடங்கி, அதன்பின் 'எஸ்-1-5-21' என்று ஆரம்பிக்கும் நீண்ட எண் வரும். அந்த எண்தான் எஸ்ஐடி, டிரங்குப் பெட்டியின் வெள்ளைப் பெயிண்ட் எண்.

ஒருவர் லாகின் செய்யும்போது சர்வர் அந்த எண்ணுள்ள டிஸ்க்கைத் தேடி எடுத்து, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவர் பெயரில் மாட்டும். லாக் ஆஃப் செய்ததும் கழற்றி வைக்கும். மாட்டுவதும் கழற்றுவதும் சரியாக நடக்கும்வரை யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

டிஸ்க்கை இடம் மாற்றப் பல காரணங்கள் வரும். பழைய ஸ்டோரேஜ் நிறைந்துபோகும். விண்டோஸ் சர்வர் 2012-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்ததால் புது சர்வருக்குப் போக வேண்டியிருக்கும். நம் பக்கத்தில் வெள்ளமும் ஒரு காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நீயே பார்த்தாய். தரைத்தளத்தில் இருக்கும் சர்வரை மாடிக்கு ஏற்று என்று முதலாளி சொன்னால் அது நியாயமான பேச்சு. ஏற்றும் விதத்தில்தான் கவனம் வேண்டும்.

டிப்ஸ் 1: போன் வந்த முதல் பத்து நிமிஷம்

அழுகிறவரிடம் முதலில் பேசு. "மேடம், உங்க ஃபைல் பழைய இடத்துல பத்திரமா இருக்கு. நான் சொல்ற வரைக்கும் புதுசா எதையும் டெஸ்க்டாப்ல சேவ் பண்ணாதீங்க" என்று சொல். அப்படிச் சொல்வதற்கு நீ பழைய நகலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறாய் என்று சொன்னாயே, அதிலேயே உன் கஷ்டத்தில் பாதி போய்விட்டது.

அடுத்தது மிக முக்கியம். அவரை லாக் ஆஃப் செய்யச் சொல்வதற்கு முன், காலையிலிருந்து எதையாவது செய்து சேமித்தாரா என்று கேள். டிஸ்க் மாட்டாதபோது விண்டோஸ் தற்காலிக ப்ரொஃபைல் ஒன்றைக் கொடுத்திருக்கும். லாக் ஆஃப் செய்த நொடியில் அது மொத்தமாக அழிந்துவிடும். அதற்குள் இருக்கும் காலை வேலையைப் பொது ஃபோல்டருக்கு நகல் எடுத்த பிறகே வெளியேறச் சொல்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதைச் செய்யாமல் விட்டேன். ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட் பாஸ் விவரங்களை எக்செல்லில் அடித்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார். நான் கேட்காமலே அவரை லாக் ஆஃப் செய்துவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, மறுபடியும் முதலிலிருந்து அடித்தார். அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் இன்னும் மனதில் இருக்கிறது. உனக்கு அப்படி ஒரு மத்தியானம் வேண்டாம்.

டிப்ஸ் 2: வெறுமையான டெஸ்க்டாப் இரண்டு வகை

எதைத் திருத்துவதற்கு முன்பும் இது எந்த வகை என்று பார். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, தற்காலிக ப்ரொஃபைல். சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் 'டெம்ப்' என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருக்கும். ஈவெண்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் 1511 அல்லது 1515 என்ற எண் விழுந்திருக்கும். டிஸ்க்கை மாட்ட முயன்று சர்வர் தோற்றுப்போயிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது வகை, புத்தம் புது டிஸ்க். சர்வர் புது இடத்துக்குப் போனது, அந்த எண்ணுள்ள பெட்டி அங்கே இல்லை, இவர் புதிதாகச் சேர்ந்தவர் போல என்று எண்ணி டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு காலிப் பெட்டியைச் செய்து கொடுத்துவிட்டது. இதில் பிழைச் செய்தியே வராது, அதனால்தான் ஏமாற்றும். புது ஃபோல்டரைத் திறந்து அவருடைய டிஸ்க்கின் அளவையும் உருவான நேரத்தையும் பார். இன்று காலை ஒன்பதரைக்குப் பிறந்து, பழையதைவிட அளவில் மிகச் சிறியதாக இருந்தால் இந்த வகைதான்.

இரண்டாவது வகைக்கு மருந்து எளிது. அவரை லாக் ஆஃப் செய்யச் சொல். காலி டிஸ்க்கை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வை, காலையில் சேமித்தது அதற்குள் இருக்கலாம். பழைய இடத்திலிருந்து சரியான டிஸ்க்கை அதே பெயரில் கொண்டுவந்து வை. மறுபடி லாகின் செய்தால் பழைய டெஸ்க்டாப் வந்து நிற்கும்.

முதல் வகைக்கு இனி வரும் டிப்ஸ்களை வரிசையாகப் பார்.

டிப்ஸ் 3: பிழை எண்ணைப் படிக்கப் பழகு

ஈவெண்ட் வியூவரில் டெர்மினல் சர்வீசஸ், ரிமோட் கனெக்‌ஷன் மேனேஜர் பகுதிக்குப் போ. 20491 என்ற நிகழ்வு இருந்தால் அதற்குள் பயனரின் எஸ்ஐடியும் ஒரு பிழை எண்ணும் இருக்கும். அந்த எண்ணின் கடைசி இலக்கங்களே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

• 80070002: கோப்பு அங்கே இல்லை. புது ஃபோல்டரில் டெம்ப்ளேட் விட்டுப்போயிருக்கும், அல்லது அதன் பெயர் மாறியிருக்கும்.
• 80070035: நெட்வொர்க் பாதையே கிடைக்கவில்லை. முகவரி அல்லது டிஎன்எஸ் தவறு.
• 80070005: அனுமதி மறுப்பு. ஷேர் அல்லது ஃபோல்டரின் உரிமையில் குறை.
• 80070020: கோப்பை வேறு யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.
• 80070070: இடம் இல்லை.
• 80070570: கோப்பு பழுது.

இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவை. ஊகித்து ஊகித்து ஒரு நாளை வீணாக்குவதை இந்தத் தாள் மிச்சப்படுத்தும்.

டிப்ஸ் 4: முகவரி சரியா?

சர்வர் மேனேஜரில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், அதற்குள் உங்கள் கலெக்‌ஷன், அதன் ப்ராப்பர்ட்டிஸில் யூசர் ப்ரொஃபைல் டிஸ்க்ஸ் என்ற பக்கம். அங்கே எழுதியிருக்கும் பாதை புதியதா, இன்னும் பழையதா? கோப்புகளை மட்டும் மாற்றிவிட்டு இதை மாற்ற மறப்பது எல்லாருக்கும் நடப்பதுதான்.

அந்தப் பாதையை உன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துத் திருப்திப்படாதே. டிஸ்க்கை மாட்டப்போவது செஷன் ஹோஸ்ட், அதாவது பயனர்கள் லாகின் செய்து வேலை பார்க்கும் சர்வர். அவற்றின் தொகுப்புதான் கலெக்‌ஷன். ஒவ்வொரு செஷன் ஹோஸ்ட்டிலும் உட்கார்ந்து திறந்து பார். ஒன்றில் திறந்து இன்னொன்றில் திறக்காவிட்டால் சிலருக்கு மட்டும் வருவதன் காரணம் பிடிபட்டுவிடும்.

ஒரு கலெக்‌ஷனுக்கு ஒரு தனி ஃபோல்டர் என்பதை மறக்காதே. டிஸ்க்கின் பெயரில் இருப்பது எஸ்ஐடி மட்டுமே. ஒரே ஆள் இரண்டு கலெக்‌ஷனில் இருந்தால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே பெயர்தான். இடத்தை மிச்சப்படுத்த நினைத்து இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றின்மேல் இன்னொன்று எழுதிவிடும். அது மட்டும் நடந்தால் பேக்கப்பைத் தவிர வேறு வழியில்லை.

டிப்ஸ் 5: அனுமதி ஆளுக்கு மட்டும் போதாது, மெஷினுக்கும் வேண்டும்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "எல்லா யூசருக்கும் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துட்டேனே" என்பார்கள். யூசர் ப்ரொஃபைல் டிஸ்க்கைத் திறப்பது பயனர் இல்லை, செஷன் ஹோஸ்ட் மெஷின். அதனால் அந்த மெஷினின் கணக்குக்குத்தான் முழு உரிமை வேண்டும். டிஸ்க் பாதையைக் கொடுக்கும் பக்கத்திலேயே இந்த நிபந்தனை எழுதியிருக்கும், அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

கையால் சேர்க்கும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும். பெர்மிஷன் ஜன்னலில் மெஷினின் பெயரை அடித்தால் 'அப்படி ஒருவர் இல்லை' என்று சொல்லும். ஆப்ஜெக்ட் டைப்ஸ் பொத்தானை அழுத்தி 'கம்ப்யூட்டர்ஸ்' என்பதற்கு டிக் போட்டால் உடனே கண்டுபிடிக்கும். கலெக்‌ஷனில் நான்கு ஹோஸ்ட் இருந்தால் நான்கையும் சேர். ஷேர் உரிமை வேறு, ஃபோல்டரின் என்டிஎஃப்எஸ் உரிமை வேறு. இரண்டிலும் இருக்க வேண்டும், ஒன்றில் விட்டுப்போனாலும் கதவு திறக்காது.

புது இடம் ஒரு நாஸ் பெட்டி என்றால், அது டொமைனில் சேர்ந்திருக்கிறதா என்று பார். டொமைனுக்கு வெளியே நிற்கும் நாஸுக்கு மெஷின் கணக்கு என்றால் யாரென்றே தெரியாது.

எக்ஸ்ப்ளோரரில் சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் பழைய கோப்பில் இருந்த உரிமைகள் கூட வராது. அப்படிச் செய்திருந்தால் மேல் ஃபோல்டரின் உரிமையைச் சரிசெய்துவிட்டு, உள்ளே இருக்கும் டிஸ்க்குகள் அதைப் பெறும்படி செய். 'ஐகேக்கல்ஸ்' கட்டளையில் ரீசெட் இதற்குத்தான் இருக்கிறது. முதலில் ஒரே ஒரு டிஸ்க்கில் செய்து, அந்தப் பயனர் லாகின் ஆகிறாரா என்று பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடு.

டிப்ஸ் 6: பூட்டைப் பிடித்திருப்பது யார்?

ஒரு டிஸ்க்கை ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ்ட்தான் மாட்ட முடியும். பயனர் ஜன்னலை மூலைப் பெருக்கல் குறியால் மூடிவிட்டுப் போயிருந்தால் அது லாக் ஆஃப் ஆகாது. அவருடைய செஷன் உள்ளே உயிரோடுதான் இருக்கும், டிஸ்க்கும் மாட்டியபடியே இருக்கும்.

சர்வர் மேனேஜரின் கனெக்‌ஷன்ஸ் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார். இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு முறையாக லாக் ஆஃப் செய். பட்டியலில் இல்லை, ஆனாலும் பூட்டு விடவில்லை என்றால் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திற. கழற்றப்படாமல் விட்டுப்போன டிஸ்க் அங்கே தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை டிட்டாச் செய். அதற்கும் மசியாவிட்டால் ஃபைல் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போனால் எந்த மெஷின் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

அங்கிருந்து பூட்டை உடைப்பது கடைசி வழி. அவர் எந்த ஹோஸ்ட்டிலும் செஷனில் இல்லை என்று இரண்டு முறை பார்த்த பிறகே செய். வேலை செய்துகொண்டிருக்கும்போது உடைத்தால் ஓடும் கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கியது போல ஆகிவிடும், டிஸ்க் பழுதாகும்.

ஃபைல் சர்வரின் ஆன்டிவைரஸும் பூட்டுக்குக் காரணமாகலாம். புது சர்வரில் விஹெச்டிஎக்ஸ் கோப்புகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறதா என்று பார். பழைய சர்வரில் யாரோ என்றைக்கோ கொடுத்த விலக்கு புது சர்வருக்குத் தானாக வராது.

டிப்ஸ் 7: பழைய தடயங்களைத் துடை

முகவரி, அனுமதி, பூட்டு மூன்றும் சரி, ஆனாலும் ஒருவருக்கு மட்டும் திரும்பத் திரும்பத் தற்காலிக ப்ரொஃபைல் வருகிறதா? தடயம் ஹோஸ்ட்டில் இருக்கிறது.

அவர் லாக் ஆஃப் ஆன பிறகு ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல்லிஸ்ட் பகுதியைத் திற. அவருடைய எஸ்ஐடியின் கடைசியில் 'பேக்' என்ற ஒட்டோடு ஒரு சாவி இருக்கும். முந்தைய தோல்வியில் விண்டோஸ் ஒதுக்கிவைத்தது அது. எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்திவிட்டு அதை நீக்கு. அடுத்து யூசர்ஸ் ஃபோல்டரில் அவர் பெயரில் நிஜ ஃபோல்டர் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார். டிஸ்க்கை மாட்ட வேண்டிய இடத்தில் அது அடைத்துக்கொண்டிருக்கும். அழிக்காதே, பெயரை மாற்றி வை. பல ஹோஸ்ட் இருந்தால் எல்லாவற்றிலும் இதையே செய். ஒன்றில் விட்டாலும் அடுத்த முறை அவர் அந்த ஹோஸ்ட்டில் போய் விழும்போது தொல்லை மறுபடி தலைகாட்டும்.

டிப்ஸ் 8: இந்த எண் யாருடையது?

ஐம்பது டிஸ்க், ஐம்பது நீள எண். எது அக்கவுண்ட்ஸ் மேடத்தின் டிஸ்க் என்று எப்படித் தெரியும்? 'சிடர்' என்று ஒரு சிறிய இலவசக் கருவி இருக்கிறது. டிஸ்க் ஃபோல்டரைக் காட்டினால் எஸ்ஐடிக்கு எதிரே பயனர் பெயரைப் போட்டுக் காட்டும். பவர்ஷெல் தெரிந்தவர்கள் அதிலேயே ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்ஐடி ஆளின் பெயரோடு ஒட்டியது இல்லை, கணக்கோடு ஒட்டியது. ஒருவரின் கணக்கை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் எண் மாறிவிடும், பழைய டிஸ்க் அவரைத் தேடி வராது. புது டொமைனுக்கு மாறினாலும் இதே கதைதான். அப்போது பழைய டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து, வேண்டிய கோப்புகளைப் புது டிஸ்க்குக்குள் நகலெடுத்துக் கொடு.

டிப்ஸ் 9: டிஸ்க்கே நோயாளியா?

இதுவரை சொன்னது எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டிஸ்க்கைச் சந்தேகப்படு. பழைய, புதிய கோப்புகளின் அளவை பைட் கணக்கில் ஒப்பிடு. நகலெடுப்பு நடுவில் அறுந்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். பழுது பார்ப்பதை எப்போதும் இன்னொரு நகலில் செய். முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்து உள்ளே கோப்புகள் தெரிகின்றனவா என்று பார், பிறகு அந்த நகலில் 'செக்டிஸ்க்' ஓட்டு.

டிஸ்க் உள்ளே நிறைந்திருந்தாலும் லாகின் தடுமாறும். இயல்பாக வரும் உச்ச அளவு 20 ஜிபி. கலெக்‌ஷன் அமைப்பில் 40 என்று மாற்றினால் அது இனிமேல் உருவாகும் டிஸ்க்குகளுக்குத்தான் பொருந்தும். பழையவை 20-லேயே நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, உள்ளே இருக்கும் பார்ட்டிஷனையும் நீட்ட வேண்டும். 'டிஸ்க்பார்ட்' இரண்டையும் செய்யும்.

எஃப்எஸ்லாஜிக்ஸ் இருக்கும் இடங்களுக்கு

சில ஆபீஸில் யூசர் ப்ரொஃபைல் டிஸ்க்குக்குப் பதில், அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்லாஜிக்ஸ் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2018 நவம்பரில் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பார்க் போன்ற இடங்களுக்கு நாளை நீ வேலைக்குப் போனால் இதைத்தான் அதிகம் பார்ப்பாய் என்று நினைக்கிறேன். கேள்விகளின் வரிசை அதேதான், விவரம் மட்டும் வேறு. முகவரி ரெஜிஸ்ட்ரியில் 'விஹெச்டி லொக்கேஷன்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். இங்கே பயனருக்கே தன் ஃபோல்டரில் உரிமை வேண்டும். ஃபோல்டர் பெயரில் எஸ்ஐடி முன்னால், பயனர் பெயர் பின்னால் என்பது இயல்பு. அதைத் திருப்பிப் போடும் அமைப்பு பழைய இடத்தில் இருந்து புது இடத்தில் இல்லாவிட்டால் எல்லாருக்கும் காலி டிஸ்க் பிறக்கும். பதிவேடுகள் சி டிரைவின் ப்ரோக்ராம்டேட்டாவில் எஃப்எஸ்லாஜிக்ஸ் ஃபோல்டருக்குள் நாள்வாரியாக இருக்கும்.

அடுத்த முறை மாற்றும்போது

இப்போது தீயை அணைத்துவிட்டாய். அடுத்த மாற்றலுக்கு இந்த வரிசையைக் கைவசம் வைத்துக்கொள்.

1. பேக்கப் எடு. அதிலிருந்து ஒரு டிஸ்க்கைத் திரும்ப எடுத்துத் திறந்து பார். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி இறங்காதே.

2. எல்லாரையும் லாக் ஆஃப் செய். புது லாகினைத் தடுத்து வை. ஹோஸ்ட்டுகளின் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் எதுவும் மாட்டியிருக்கவில்லை என்று உறுதி செய்.

3. கலெக்‌ஷனில் புதுப் பாதையை முதலில் கொடு. சர்வர் தானே அங்கே டெம்ப்ளேட்டைச் செய்து, மெஷின்களுக்கான உரிமையையும் போட முயலும். பிறகு டெம்ப்ளேட்டைத் தவிர்த்து, பயனர் டிஸ்க்குகளை மட்டும் அந்த ஃபோல்டருக்குக் கொண்டுபோ.

4. ரோபோகாப்பியால் நகலெடு. 'காப்பிஆல்' சுவிட்ச் போட்டால் என்டிஎஃப்எஸ் உரிமைகளும் கூட வரும். ஷேர் உரிமை வராது, அதை நீதான் போட வேண்டும். திரும்ப முயலும் எண்ணிக்கையை மறக்காமல் கொடு. கொடுக்காவிட்டால், பூட்டிய ஒரு கோப்புக்காக 30 விநாடிக்கு ஒரு தடவை என்று பத்து லட்சம் முறை முயன்றுகொண்டே நிற்கும், காலையில் வந்து பார்த்தால் முதல் டிஸ்க்கைக்கூடத் தாண்டியிருக்காது. இரண்டு முறை, ஐந்து விநாடி போதும். 'மிர்' சுவிட்ச் வேண்டாம். மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்தில் அழித்துவிடும்.

5. லாக் கோப்பைப் படி. ரோபோகாப்பி முடிந்ததும் திருப்பித் தரும் எக்ஸிட் கோட் 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஏதோ ஒன்று நகலாகவில்லை.

6. ஒரே ஒருவரை வைத்துச் சோதி. சனிக்கிழமை ராத்திரியே ஒரு சோதனைக் கணக்கில் லாகின் செய்து, ஒரு கோப்பு சேமித்து, லாக் ஆஃப் செய்து, வேறு ஹோஸ்ட்டில் மறுபடி லாகின் செய்து அது இருக்கிறதா என்று பார்.

7. பழைய ஷேரை அழிக்காதே. படிக்க மட்டும் என்று மாற்றி வை. அப்போது யாரும் தெரியாமல் அதில் எழுதிவிட முடியாது, எதுவும் தொலையவும் தொலையாது.

முடிந்தால் இந்த முறை சர்வரின் பெயரை நேராகக் கொடுக்காமல் டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் பாதையாகக் கொடு. பின்னால் இருக்கும் ஸ்டோரேஜ் எத்தனை முறை மாறினாலும் ஹோஸ்ட்டுகளுக்குத் தெரியும் முகவரி மாறாது. ஆனால் அதற்குள் ரெப்ளிகேஷன் போடாதே. மாட்டியிருக்கும் டிஸ்க் திறந்தபடியே இருப்பதால் அது ஒழுங்காக நகலாகாது, இரண்டு இடத்தில் இரண்டு விதமான டிஸ்க் உருவாகிவிடும்.

பழையதை எப்போது விடலாம்?

"ஒரு வாரம் போதுமாக்கா?" என்று கேட்டாய். போதாது. உங்கள் ஆபீஸில் தினமும் வருகிறவர்களை மட்டும் எண்ணாதே. மாதம் பதினொன்றாம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, இருபதாம் தேதி 3பி. அந்த நாட்களில் மட்டும் லாகின் செய்யும் ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒருவர் இருப்பார். பிரசவ விடுப்பில் இருக்கிற ஓர் அக்கா இருப்பார். பட்டியலை எடுத்து, கடைசியாக லாகின் ஆன தேதியைப் பார்த்து, ஒவ்வொருவரும் புது இடத்திலிருந்து ஒருமுறையாவது உள்ளே வந்து தன் கோப்பைப் பார்த்தாரா என்று டிக் போடு. கடைசி டிக் விழும் நாள்தான் பழைய ஷேரை விடும் நாள். அதுவரை இடம் அடைக்கிறதே என்று யார் சொன்னாலும் பொறுமையாக எடுத்துச் சொல்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? உனக்கு அது 14 ஜிபி விஹெச்டிஎக்ஸ் கோப்பு. அந்த மேடத்துக்கு ஆறு வருஷக் கணக்கு, தன் கையால் போட்ட ஃபார்முலாக்கள், ஒவ்வொரு பார்ட்டிக்கும் எந்தத் தேதியில் போன் செய்ய வேண்டும் என்ற குறிப்பு, ஓரத்தில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது. இன்னொருவரின் உழைப்பை நம் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதை அந்த மரியாதையோடு தூக்க வேண்டும்.

சாயங்காலம் நீ மறுபடி கூப்பிட்டாய். நான்கு பேருக்கு மெஷின் அனுமதி விட்டுப்போயிருந்தது, ஒருவருக்குப் பழைய பூட்டு, மேடத்துக்குக் காலி டிஸ்க். ஆறு பேருக்கும் வந்துவிட்டது என்றாய். இந்த வாரம் வீட்டுக்கு வரும்போது பிழை எண் எழுதிய அந்தத் தாளை எடுத்து வா. உன் அனுபவத்தில் கண்ட ஏழாவது வரியையும் அதில் எழுதிவிடுவோம்.